தொழில் தெரிந்த படங்கள்: வேலூரிலிருந்து ஒரு பார்வையாளரின் மதிப்புரை

ஒரு படத்தின் நாயகன் எந்த வேலை செய்து பிழைக்கிறான் என்பதை அந்தப் படத்தை எடுத்தவர் உண்மையிலேயே அறிந்திருக்கிறாரா என்று பார்ப்பதுதான் நான் முதலில் எடுக்கும் அளவுகோல். நெசவாளி என்று அறிமுகப்படுத்தப்பட்டவன் இரண்டரை மணி நேரத்தில் ஒரு முறைகூடத் தறியில் உட்காராமல் காதலித்து, சண்டையிட்டு, வென்று போய்விடுவது நம் பெரும்பாலான படங்களின் வழக்கம். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறவர்களையும், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் பீடி சுற்றும் பெண்களையும், விடியற்காலையில் ஆம்பூருக்கும் இராணிப்பேட்டைக்கும் ஷூ கம்பெனி வண்டி ஏறுகிறவர்களையும் அன்றாடம் பார்த்து வளர்ந்த வடஆற்காட்டுக்காரர்களுக்கு, வேலையே இல்லாத மனிதர்கள் திரையில் நடமாடுவது அந்நியமாகவே தோன்றும். கையின் வேலை பொய்யாக இருந்தால் அந்தக் கைக்கு உரியவரின் அழுகையும் எனக்குப் பொய்யாகத்தான் படுகிறது. எனவே, பெரிதாகப் பேசப்படாமல் போன, அல்லது சில நாட்கள் மட்டும் பேசப்பட்டு மறக்கப்பட்ட சில தமிழ்ப் படங்களையும் தொடர்களையும் இந்த ஓர் அளவுகோலை வைத்தே இங்கு மதிப்பிடுகிறேன்.

முதலில் ‘ஜமா’. பாரி இளவழகன் எழுதி, இயக்கி, தானே முதன்மைப் பாத்திரத்திலும் நடித்த இந்தப் படம் 2024 ஆகஸ்டில் வெளிவந்தது. திருவண்ணாமலை வட்டாரத்துத் தெருக்கூத்துக் குழு ஒன்றின் கதை இது; கூத்துக் குழுவைத்தான் ஜமா என்பார்கள். திருவண்ணாமலை 1989 வரை வடஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. பிறகு மாவட்டங்கள் பிரிந்து, 2019-ல் வேலூரே மூன்றாகப் பிரிந்தது என்றாலும், கூத்து எந்த எல்லைக் கோட்டையும் கண்டுகொள்ளவில்லை. செய்யாறு, ஆரணி, போளூர், ஆற்காடு எனத் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பகலில் பாரதம் படித்து, இரவில் கூத்தாடி, கடைசி நாளில் மண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்துப் படுகளம் நடத்துவது இன்றும் நடக்கிறது. செய்யாறு பக்கத்துப் புரிசை கிராமம் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானால் நாடறிந்தது. இப்படிப்பட்ட மண்ணில் கூத்தைப் பற்றி ஒருவர் படம் எடுத்தால், எங்கள் ஆட்கள் அதை ரசிகர்களாக மட்டும் பார்க்க மாட்டார்கள். கட்டை என்னும் மர அணிகளைக் கட்டியிருக்கும் விதம் சரியா, சுழன்று கிர்க்கி அடிக்கும்போது கால் தடுமாறுகிறதா, பின்பாட்டுக்காரர் எடுத்துக் கொடுக்கும் இடம் பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்ப்பார்கள்.

அந்தச் சோதனையில் ‘ஜமா’ பெரும்பாலும் தேறுகிறது. கல்யாணம் என்னும் இளைஞன் தாண்டவம் வாத்தியாரின் ஜமாவில் பெண் வேஷம் கட்டுகிறவன். திரௌபதியாகவும் குந்தியாகவும் ஆடி ஆடி, வேஷம் கலைத்த பிறகும் அந்த நளினம் அவன் நடையிலும் கையசைவிலும் தங்கிவிட்டது; அதனாலேயே பெண் பார்க்கப் போகும் இடமெல்லாம் அவனுக்கு அவமானம் நேர்கிறது. அவனுக்கோ அர்ச்சுனன் வேஷம் கட்ட வேண்டும், சொந்தமாக ஒரு ஜமா வைக்க வேண்டும் என்ற ஆசை. இதில் இயக்குநரின் அறிவு வெளிப்படும் இடம், கல்யாணத்தின் ஆசையை அவர் ‘பெரிய நடிகனாவது’ என்று பொதுவாகச் சொல்லாமல், ஜமாவுக்குள் இருக்கும் படிநிலையாகச் சொன்ன இடம்தான். எந்த வேஷம் யாருக்கு என்பதை வாத்தியார் தீர்மானிக்கிறார். அர்ச்சுனன் வேஷம் என்பது வெறும் பாத்திரம் அன்று, ஊரார் முன்னால் கிடைக்கும் மரியாதை. அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் தபசு மரத்தில் ஏறிப் பாடிக்கொண்டே மேலிருந்து போடும் எலுமிச்சம் பழத்தை, பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் முந்தானை ஏந்தி வாங்குவதை எங்கள் பக்கத்தில் அறியாதவர் இல்லை. ஒரு வேஷத்துக்காக ஒரு மனிதன் வாழ்நாள் முழுவதும் ஏங்குவான் என்பதை அந்தப் பின்னணி தெரிந்தவர்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள். தெரியாதவர்களும் ஒப்புக்கொள்ளும்படி படம் எடுக்கப்பட்டிருக்கிறது என்பதே அதன் வெற்றி.

ஒப்பனை செய்துகொள்ளும் காட்சிகளைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முகத்தில் அரிதாரம் ஏறஏறக் கல்யாணத்தின் கழுத்து நிமிர்வதும், தோள் இறங்குவதும், பார்வை மாறுவதும் ஒரே ஓட்டத்தில் நிகழ்கின்றன. தாண்டவமாக வரும் சேத்தன், வாத்தியார் என்ற சொல்லுக்குள் இருக்கும் கலையையும் கொடுமையையும் சேர்த்தே சுமக்கிறார். அவர் உட்கார்ந்திருக்கும் தோரணையிலேயே அந்த ஜமாவில் யாருக்கு என்ன இடம் என்பது விளங்கிவிடுகிறது. மனிதர்கள் பேசுவதும் எங்கள் பக்கத்துப் பேச்சு. சென்னையின் பேச்சையே கொஞ்சம் கொச்சையாக்கி வடமாவட்டத்தார் வாயில் திணிக்கும் வழக்கம் இதில் இல்லை.

குறைகளும் உண்டு. காதல் பகுதி கதைக்குத் தேவை என்றாலும், அம்மு அபிராமி நடித்த ஜகா என்ற பெண்ணுக்குத் தன் போக்கில் எதையும் செய்ய இடம் தரப்படவில்லை. தந்தையர் காலத்து முன்கதை நீளமாக வந்து, விறுவிறுப்பாகப் போய்க்கொண்டிருந்த நிகழ்காலத்தை நிறுத்திவிடுகிறது. இளையராஜாவின் இசையில் மனம் நெகிழும் இடங்கள் பல இருந்தாலும், மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் மட்டுமே ஒலித்திருந்தால் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றிய இடங்களும் சில இருக்கின்றன. கூத்துக்கு முன்பணம் வாங்குவது, கிடைத்த பணத்தை வேஷத்துக்கு ஏற்பப் பங்கு பிரிப்பது, கூத்து இல்லாத மழைக்காலத்தில் கலைஞர்கள் கூலி வேலைக்குப் போவது ஆகியவற்றையும் விரிவாகக் காட்டியிருக்கலாம். கலைஞனின் வறுமையைப் பற்றிப் பேசும்போது கணக்கையும் சேர்த்துச் சொல்வதுதான் முழுமை. இவ்வளவு இருந்தும், வடஆற்காட்டுக் கூத்தை வேடிக்கைப் பொருளாக்காமல் தொழிலாகக் காட்டிய படம் என்று நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். எங்கள் ஊரில் இது திரையரங்கில் நின்ற நாட்கள் மிகக் குறைவு என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். சிறிய படங்களுக்கு எங்கள் ஊர்களில் கிடைப்பது பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாத பகல் காட்சிதான். கூட்டம் வரவில்லை என்று சொல்லி அதையும் சில நாட்களில் எடுத்துவிடுகிறார்கள்.

‘ஜமா’ பிடித்தவர்கள் ‘கர்ண மோட்சம்’ என்ற குறும்படத்தையும் தேடிப் பார்க்க வேண்டும். எஸ். ராமகிருஷ்ணன் எழுத, முரளி மனோகர் இயக்கிய இது தேசிய விருது பெற்றது. பள்ளி ஒன்றில் கூத்தாடுவதற்காகச் சென்னைக்கு வந்த கலைஞர், அங்கு நிகழ்ந்த ஒரு சாவால் நிகழ்ச்சி நின்றுபோய் நகரத்தில் திகைத்து நிற்கும் கதை. எங்கள் ஊர்ப்பக்கம் கர்ண மோட்சம் கூத்தைக் காரியத்தன்று ஆட அழைப்பார்கள். சாவு வந்தால் கூத்துக்காரருக்கு வேலை வரும் என்ற ஊரிலிருந்து வந்தவருக்கு, சாவு வந்ததால் வேலை போய்விடுகிறது. இது எழுதியவர் திட்டமிட்டதோ இல்லையோ, வடஆற்காட்டுக்காரர்களுக்கு இதன் வலி இரட்டிப்பாகத் தெரியும்.

லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ 2018-ல் வந்தபோது விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் இன்று என்னைச் சுற்றியுள்ள இளைஞர்களிடம் கேட்டால் பெயரளவில்தான் தெரிந்திருக்கிறது. தேனி பக்கத்து மலையில் ஏலக்காய்த் தோட்டங்களுக்குச் சுமை தூக்கிப் பிழைக்கும் ரங்கசாமி, கையளவு நிலம் வாங்க வேண்டும் என்று காசு சேர்க்கிறான். அவ்வளவுதான் கதை. சுமை தூக்குவது என்ற ஒரே வேலையை இந்தப் படம் அறிந்திருக்கும் ஆழம் அசாதாரணமானது. ஏற்றத்தில் எங்கே நின்று மூச்சு வாங்குவது, எந்தக் கல்லில் சுமையைச் சாய்ப்பது, வழியில் எந்தத் தெய்வத்துக்குக் கல் வைப்பது என்று மலையேற்றத்தின் ஒவ்வோர் அடியும் கண்ணுக்குத் தெரிகிறது. முதுமையிலும் தன் மூட்டையைப் பிறர் தூக்க விடாத ஒரு பெரியவர் வருகிறார். வேலை ஒரு மனிதனின் உடலைத் தின்றுகொண்டே அவனுக்குக் கௌரவத்தையும் தருகிறது என்பதை அவருடைய பிடிவாதம் ஒன்றே சொல்லிவிடுகிறது. கடனை அடைத்து நிலம் வாங்கும் நேரத்தில் ரங்கசாமியின் ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் சரிந்து சிதறும் காட்சியைப் பார்த்தபோது நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். எந்தச் சண்டைக் காட்சியும் தராத பதற்றம் அது. இறுதியில் தன்னுடையதாக இருந்த அதே நிலத்தில் காற்றாலைக்குக் காவல்காரனாக அவன் உட்கார்ந்திருப்பதைத் தேனி ஈஸ்வரின் கேமரா மேலே எழும்பிக் காட்டும்போது, இதுவரை அவன் சுமந்தது என்னவென்று நமக்குப் புரிகிறது.

எங்கள் பக்கத்திலும் மலைகள் உண்டு. அணைக்கட்டுக்கு மேலே அல்லேரி மலையில் 2023-ல் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலைச் சாலை இல்லாததால் தாய் நடந்தே சுமந்து போனதை நாடு முழுவதும் செய்தியாகப் படித்தது. அந்தச் செய்தியைப் படித்தவர்கள் லெனின் பாரதியின் படத்தைத் தேனிக்காரர்களின் கதை என்று ஒதுக்க மாட்டார்கள்.

அருண் கார்த்திக் இயக்கிய ‘நசீர்’ இதிலிருந்து முற்றிலும் வேறுபட்ட அமைதியான படம். திலீப்குமாரின் ‘ஒரு குமாஸ்தாவின் கதை’ என்ற சிறுகதையைத் தழுவியது. 2020-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் ஆசியப் படங்களுக்கான நெட்பாக் விருது பெற்றது. கோயம்புத்தூரில் துணிக்கடை ஒன்றில் விற்பனையாளராக இருக்கும் நசீரின் ஒரு நாள்தான் படம். மனைவியை ஊருக்கு வழியனுப்புகிறார், கடைக்கு வருகிறார், பொம்மைகளுக்கு உடுத்திவிடுகிறார், வாடிக்கையாளர் முன்னால் புடவையை விரிக்கிறார், மடிக்கிறார், மீண்டும் விரிக்கிறார். புடவையை ஒரே வீச்சில் விரித்து, அதன் முந்தானை வாங்குகிறவரின் மடிக்கு அருகே சரியாகப் போய் விழும்படி செய்வது பல ஆண்டுப் பழக்கத்தில் வரும் கைவேலை. வேலூரின் ஜவுளிக் கடைகளில் வாழ்நாளைக் கழித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை. நசீராக நடித்த குமரன் வளவன் அந்தப் பழக்கத்தை உடம்பில் ஏற்றிக்கொண்டு நடித்திருக்கிறார். திரையின் சட்டகம் பழைய சதுர வாட்டத்தில் இருப்பதால், அவர் வாழும் இடத்தின் இறுக்கம் நம் மீதும் அழுத்துகிறது.

இந்த அன்றாட வேலைகளுக்குப் பின்னணியில் எங்கோ ஒரு ஒலிபெருக்கி முஸ்லிம்கள்மீது வெறுப்பைக் கக்கிக்கொண்டே இருக்கிறது. நசீர் அதற்கு எந்தப் பதிலும் சொல்வதில்லை; மனைவிக்கு மனத்துக்குள்ளேயே கடிதம் எழுதிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கிறார். முடிவு எவ்வளவு கொடூரமானது என்று நான் விவரிக்கவில்லை. ஆனால் அது நெஞ்சை உலுக்குவதற்குக் காரணம், அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் முழுவதும் இந்த மனிதர் எப்படி வேலை செய்கிறார், எப்படிச் சாப்பிடுகிறார், எப்படிக் கவிதை சொல்கிறார் என்று நமக்கு அணுக்கமாகத் தெரிந்துவிட்டதுதான். வேகம் போதாது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வேகத்தைக் கூட்டியிருந்தால் நசீர் செய்தித்தாளில் வரும் ஒரு பெயராகத்தான் எஞ்சியிருப்பார் என்பது என் பதில். சேண்பாக்கத்திலும் கஸ்பாவிலும் இந்து, முஸ்லிம் என இரண்டு சமூகத்தாரும் ஒரே தெருவில் கடை வைத்திருக்கும் எங்கள் ஊரில் இந்தப் படத்தைப் பொதுவெளியில் திரையிட்டுப் பேச வேண்டும் என்று விரும்புகிறேன்.

பெருமாள்முருகனின் ‘வறுகறி’ சிறுகதையிலிருந்து தமிழ் என்ற இயக்குநர் எடுத்த ‘சேத்துமான்’ 2022-ல் நேரடியாக இணையத்தில் வெளியானது. மூங்கில் கூடை முடையும் தாத்தா பூச்சியும் பேரன் குமரேசனும், பன்றிக்கறிக்கு ஆசைப்படும் பண்ணையார் ஒருவரும்தான் இதில் முக்கியமானவர்கள். பன்றியை வாங்கி, சுட்டு, அறுத்து, கூறு போடும் பகுதி நீளமாக வருகிறது. முகம் சுளிக்காமல் பாருங்கள். கறி தின்ன வந்தவர்களின் சாதி, கறி வெட்டுகிறவரின் சாதி, யார் எங்கே உட்காருவது, யார் யாருக்குக் கொடுப்பது என்று எல்லாம் அந்த ஒரு வேலையின் ஊடாகவே வெளியாகிறது. இதே காலத்தில் நாட்டின் குடியரசுத் தலைவராக ஒரு தலித் தேர்ந்தெடுக்கப்படும் செய்தி பின்னணியில் ஓடுவது கொஞ்சம் அழுத்திச் சொல்லப்பட்டதாக எனக்குப் பட்டது. தாத்தாவாக வரும் மாணிக்கத்தின் நடிப்புக்கு நடிப்பு என்று பெயர் சொல்லவே தயக்கமாக இருக்கிறது.

பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021-ல் ராட்டர்டாம் விழாவின் முதன்மை விருதான டைகர் விருதை வென்றது. அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டதும் அதுவே. கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியை அழைத்து வர, குடிகாரத் தந்தையும் பள்ளிச் சிறுவனும் மதுரைப் பக்கத்து வறண்ட நிலத்தில் நடக்கும் ஒன்றேகால் மணி நேரப் படம். விருதுகளின் பெயரைச் சொல்லியே பலரும் இதைப் பாராட்டுவதால், படத்தைப் பார்க்காமலேயே ‘அது விழாப் படம்’ என்று பலரும் விலகிவிடுகிறார்கள். கத்திரி வெயிலில் வேலூர்க் கோட்டை மதில் ஓரமாகவோ, தண்ணீரில்லாத பாலாற்று மணலிலோ நடந்து பார்த்தவர்களுக்கு இந்தப் படத்தில் விளங்காதது எதுவும் இல்லை. தாகத்துக்கு வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொள்ளும் அந்தச் சிறுவனை எனக்கு எப்போதோ தெரியும் என்று தோன்றியது. வேலை என்ற என் அளவுகோலுக்கு இதில் தீனி இறுதியில்தான் கிடைக்கிறது. ஊற்றில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரக்கும் நீரைப் பெண்கள் முறை வைத்து மொண்டு குடத்தில் ஊற்றுவதை, கேமராவை அகற்றாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருக்கிறார் இயக்குநர். ஆண்கள் இருவர் கோபத்தில் அலைந்த அந்த நிலத்தை உயிரோடு வைத்திருப்பது எந்தக் கை என்று அந்தக் காட்சி காட்டிவிடுகிறது.

தொடர்களில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிரசாந்த் பாண்டியராஜின் ‘விலங்கு’ 2022-ல் ஜீ5 தளத்தில் ஏழு பகுதிகளாக வந்தது. விமல் காவல் உதவி ஆய்வாளர் பரிதியாக நடித்திருக்கிறார். காட்டில் கிடந்த பிணத்தைக் காவல் காக்கும்போதே அதன் தலை காணாமல் போவதுதான் தொடக்கம். காவல்துறைக் கதைகள் என்றால் நாயகன் மேசையைத் தட்டுவதும் குற்றவாளியை அடிப்பதுமாகப் பார்த்துச் சலித்தவர்களுக்கு, இங்கே காவல் நிலையத்தின் உண்மையான வேலை தெரியவரும்: எழுத்தர் எழுதும் எழுத்து, மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டிய பதில், நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய தாள், தன் வீட்டில் பிரசவத்தை எதிர்நோக்கியிருக்கும் மனைவி. வன்முறை சில இடங்களில் அளவு மீறுகிறது. காவலர்கள் அடிப்பதைத் தொடர் கேள்வி கேட்காமல் கடந்து போவதும் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. ஆயினும் நிலையத்தில் இருப்பவர்களுள் ஒருவர்கூட வெறும் ஆளாக நிற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பும் ஓர் அலுப்பும் இருக்கின்றன.

முத்துக்குமார் இயக்கிய ‘அயலி’ 2023 குடியரசு தினத்தன்று அதே தளத்தில் எட்டுப் பகுதிகளாக வெளியானது. 1990-ஆம் ஆண்டு, புதுக்கோட்டைப் பக்கத்து வீரப்பண்ணை என்னும் கற்பனைக் கிராமம். வயதுக்கு வந்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கட்டிக் கொடுத்துவிடுவது அங்கே தெய்வ வாக்கு. மருத்துவராக வேண்டும் என்று நினைக்கும் தமிழ்ச்செல்வி தான் வயதுக்கு வந்ததையே மறைத்துப் பள்ளிக்குப் போகிறாள். அபி நட்சத்திராவும், தாயாக வரும் அனுமோளும் இதைத் தாங்கி நிற்கிறார்கள். மகளின் இரகசியத்தில் தாய் பங்கு பெறும் பகுதிகளில் துணி துவைப்பது, உலர்த்துவது, ஒளிப்பது என்ற வீட்டு வேலைகளே சதித்திட்டமாக மாறுவது அருமையான கற்பனை. வேலை தெரிந்த எழுத்து இப்படித்தான் இருக்கும். இறுதிப் பகுதிகளில் பாத்திரங்கள் மேடையில் நிற்பதுபோல் பேசத் தொடங்கிவிடுகிறார்கள் என்பது உண்மை. அதைப் பொறுத்துக்கொண்டு, வீட்டில் வளரும் பெண் பிள்ளைகளோடும் ஆண் பிள்ளைகளோடும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்று வீட்டார் மறுத்ததால் பிரசவத்தில் இறந்த பெண்களைக் கண்டு மனம் நொந்து ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனதும், 1918-ல் பெண்களுக்கென்றே இங்கு மருத்துவப் பள்ளி தொடங்கியதும் வேலூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வரலாறு. தமிழ்ச்செல்வியின் ஆசை அந்த வரலாற்றுக்கு நெருங்கிய உறவு.

பழைய படங்கள் இரண்டு. பாலு மகேந்திராவின் ‘வீடு’ 1988-ல் வந்தது. சிறந்த நடிகைக்கான தேசிய விருதை அர்ச்சனாவுக்குப் பெற்றுத் தந்தது. திரைப்படக் கழகத்தார் அனைவரும் அறிந்த படம்தான் என்றாலும், இப்போது கடன் வாங்கி வீடு கட்டிக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களில் பலர் அதைப் பார்த்ததில்லை என்பதால் இதைச் சேர்க்கிறேன். மனைக்கு அனுமதி வாங்குவது முதல் அஸ்திவாரம் தோண்டுவது, செங்கல் இறக்குவது, மேஸ்திரியிடம் ஏமாறுவது, சிமெண்டு மூட்டை காணாமல் போவது வரை வீடு கட்டும் வேலையின் ஒவ்வொரு படியும் இதில் உண்டு. ஏமாற்றும் ஒப்பந்தக்காரரை எதிர்த்து நிற்பவள் சித்தாள் வேலை செய்யும் மங்கம்மா. அந்தத் துணிச்சலை ‘பசி’ சத்யா எந்த மிகையும் இல்லாமல் கொடுத்திருக்கிறார். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் குடையைப் பிடித்துக்கொண்டு, பாதி எழும்பிய வீட்டைத் தனியாகப் பார்க்க வரும் காட்சியில், பூசப்படாத செங்கல் சுவரை உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொண்டே ஒவ்வோர் அறையாக நடக்கிறார். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசை அங்கே ஒலிக்கிறது. வசனம் இல்லை. தன் வீடு என்ற ஒன்றைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்ட எந்த மனிதரும் அந்தக் காட்சியை மறக்க மாட்டார்.

கே. ஹரிஹரன் இயக்கிய ‘ஏழாவது மனிதன்’ 1982-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. இன்று அதை ரகுவரனின் முதல் படம் என்றோ, ‘காக்கைச் சிறகினிலே நந்தலாலா’ வரும் படம் என்றோதான் சொல்கிறார்கள், எல். வைத்தியநாதன் பாரதியார் பாடல்களுக்கு அமைத்த இசை நிலைத்துவிட்டது, படம் நிலைக்கவில்லை. சிமெண்ட் ஆலை ஒன்று தன்னைச் சுற்றியுள்ள கிராமத்தின் காற்றையும் வாழ்வையும் கெடுப்பதையும், அங்கு வேலைக்கு வரும் இளைஞன் தொழிலாளர் பக்கம் நிற்கத் தொடங்குவதையும் அது பேசுகிறது. சுற்றுச்சூழல் என்ற பேச்சே நம் திரைப்படங்களில் எழாத காலத்தில் இப்படி ஒரு கதையை எடுத்தது பெரிய துணிவு. சில காட்சிகள் மேடை நாடகத்தின் சாயலில் இருக்கின்றன; கிடைக்கும் பிரதிகளின் தரமும் சுமார்தான். ஆனாலும், தோல் கழிவால் பாலாறு கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை அறிந்தவர்களுக்கு, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்த இந்தப் படம் எங்களுக்காக எடுத்ததாகவே தோன்றும்.

அந்தப் படத்தின்மீது எனக்குள்ள ஒரே பெரிய குறை, ஆலையின் புகையைக் காட்டிய அளவுக்கு ஆலைக்குள் இருக்கும் கைகளை அது காட்டவில்லை என்பதுதான். பாலாற்றுக் கரையில் ஒருவர் படம் எடுக்க வருவாரானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். உப்பு போட்டு வந்து இறங்கும் பச்சைத் தோலை ஊற வைப்பது, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு முடியைக் கழிப்பது, சவ்வை வழித்தெடுப்பது, முன்பு ஆவாரம்பட்டையிலும் இப்போது குரோமிலும் பதனிடுவது, பிறகு அதைக் காலணியாகத் தைக்கும் பெண்களின் இரவு ஷிப்டு என்று எத்தனை வேலைகள், எத்தனை தலைமுறைகள். 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் தோல் கழிவு சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் இறந்தார்கள். அவர்கள் பகலெல்லாம் என்ன வேலை செய்தார்கள் என்று காட்டும் தமிழ்ப் படம் எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை.